செல்ஃப் இன்ட்ரோ: ஒப்பிப்பது வேறு, அறிமுகமாவது வேறு

“ஐ ஆம் ஃப்ரம் தர்மபுரி. மை ஃபாதர் ஈஸ் எ ஃபார்மர். மை மதர் ஈஸ் எ ஹோம்மேக்கர். மை ஹாபீஸ் ஆர் லிசனிங் டு மியூசிக் அண்ட் பிளேயிங் கிரிக்கெட். மை ஸ்ட்ரெந்த் ஈஸ் ஹார்ட் வொர்க்.”

கேம்பஸ் இன்டர்வியூ மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கும் இந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கும் இந்த வரிகள் தலைகீழ்ப் பாடம். சொல்பவர் மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பார். கேட்பவர் அதற்குள் ரெஸ்யூமேயில் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருப்பார். வெளியே வந்ததும் நண்பர்கள் கேட்பது, “கான்ஃபிடன்ட்டா சொன்னியாடா?” என்பதுதான். என்ன சொன்னாய் என்று யாரும் கேட்பதில்லை.

தன்னம்பிக்கையோடு அறிமுகப்படுத்திக்கொள்வது எப்படி என்ற அறிவுரை பிளேஸ்மென்ட் வகுப்பிலிருந்து யூடியூப் வரை கொட்டிக் கிடக்கிறது. குரலை உயர்த்து, கண்ணைப் பார், தோளை நிமிர்த்து, சிரி. எல்லாமே மேல்பூச்சு. அறிமுகம் எதற்காக, அது கேட்பவர் மனதில் எப்படி வேலை செய்கிறது, நமக்கு ஏன் அந்த நேரம் பார்த்து நாக்கு வறள்கிறது என்பதை யாரும் விளக்குவதில்லை. இந்த மூன்றும் புரிந்துவிட்டால் மேல்பூச்சில் பாதி தேவைப்படாது.

பேருந்தின் நெற்றிப் பலகை

வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் நிற்கிறீர்கள். தூரத்தில் ஒரு வண்டி திரும்புகிறது. முன்கண்ணாடிக்கு மேலே பெரிய எழுத்தில் ஓர் ஊர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் “வழி” என்று இரண்டு மூன்று ஊர்கள். பையைத் தூக்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அது போதும்.

அந்த வண்டி எந்த வருடம் வாங்கியது, இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எஞ்சின் எப்படிப்பட்டது என்பதெல்லாம் பொய்யான தகவல்களோ பயனற்ற தகவல்களோ அல்ல. நிற்பவருக்கு அந்த நொடியில் அவை வேண்டாம், அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்த பிறகு, ஓட்டுநரோடு பேச்சுக் கொடுத்தால் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ளலாம்.

வேலை சார்ந்த இடத்தில் நம் அறிமுகமும் இந்தப் பலகை செய்கிற காரியத்தைத்தான் செய்கிறது. எதிரே இருப்பவருக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: இவரை நான் எந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது, இவருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம். பலகையில் எழுத்து இல்லாத வண்டி எவ்வளவு ஹாரன் அடித்தாலும் யாரும் ஏறப்போவதில்லை. குரலை உயர்த்தச் சொல்லும் அறிவுரையின் கதி அதுதான்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பேருந்துப் பலகை எல்லோருக்கும் ஒன்று. நம் அறிமுகம் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாற வேண்டும். ஒரே செல்ஃப் இன்ட்ரோவை எழுதி வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்கும் புது டீமுக்கும் வாடிக்கையாளருக்கும் ஓட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

சுருக்கமாக: அறிமுகம் வாழ்க்கை வரலாறு ஆகாது. கேட்பவர் நம்மை ஓர் இடத்தில் பொருத்திக்கொள்ள நாம் செய்யும் உதவி அது.

கேட்பவர் மனதில் எவ்வளவு இடம்?

கடையில் ஒருவர் ஃபோன் நம்பர் சொல்கிறார், நீங்கள் எழுதப் பேனா தேடுகிறீர்கள். தேடி முடிக்கும்வரை அந்த எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பீர்களே, அந்த நேரத்தில் மனம் அதைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்திருக்கும் இடத்துக்குச் செயல் நினைவு என்று பெயர். இது நீண்டகால நினைவு போன்றதல்ல. மிகச் சிறியது, சில நொடிகளில் கலைந்துவிடுவது.

எவ்வளவு சிறியது? அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஏழு, ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்றார். 2001-ல் நெல்சன் கோவன் அதை மறுபடி அலசி, ஏறத்தாழ நான்குதான் என்றார். நான்கு என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது மேலே உள்ள தர்மபுரி அறிமுகத்தை எண்ணிப் பாருங்கள். ஊர், அப்பா, அம்மா, இசை, கிரிக்கெட், உழைப்பு. சொல்லாமல் விட்ட பெயரையும் சேர்த்தால் ஏழு. அதோடு டிகிரி, கல்லூரி, சதவீதம், தங்கை, வீக்னெஸ் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. கேட்பவர் மனதில் நான்கு நாற்காலி இருக்கும்போது பன்னிரண்டு பேரை உள்ளே அனுப்புகிறோம். யார் உட்காருவார், யார் வெளியே போவார் என்பது நம் கையில் இல்லை. கிரிக்கெட் உட்கார்ந்து, நாம் செய்த ப்ராஜெக்ட் வெளியே போய்விடலாம்.

அது மட்டுமல்ல, முதலில் உட்காருபவருக்குச் செல்வாக்கு அதிகம். சாலமன் ஆஷ் 1946-ல் செய்த ஒரு சோதனை இதைக் காட்டியது. ஒருவரைப் பற்றி “புத்திசாலி, உழைப்பாளி” என்று தொடங்கி “பிடிவாதக்காரர், பொறாமைக்காரர்” என்று முடியும் பட்டியலை ஒரு குழுவுக்குக் கொடுத்தார். அதே சொற்களைத் தலைகீழ் வரிசையில் இன்னொரு குழுவுக்குக் கொடுத்தார். முதல் குழு அந்த மனிதரைக் கணிசமாக நல்லவராக மதிப்பிட்டது. சொற்கள் ஒன்றுதான், வரிசைதான் மாறியது. முதலில் கேட்டதன் வெளிச்சத்தில்தான் அடுத்து வருவதைப் புரிந்துகொள்கிறோம்.

ஆகவே சொல்ல வேண்டியது மூன்று அல்லது நான்கு. அதில் முக்கியமானது முன்னால்.

பெயர் ஏன் நழுவுகிறது

ஆச்சரியமாக, அறிமுகத்தில் மிக எளிதாக மறந்துபோவது பெயர்தான். 1987-ல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், தெரியாத முகங்களைக் காட்டி ஒவ்வொருவரின் குடும்பப் பெயரையும் தொழிலையும் கற்கச் சொன்னார்கள். ஒரே சொல்லைச் சிலருக்குப் பெயராகவும் சிலருக்குத் தொழிலாகவும் கொடுத்தார்கள். பேக்கர் என்பது பெயராக இருந்தபோது மறந்தது, ரொட்டி சுடுபவர் என்ற தொழிலாக இருந்தபோது நினைவில் நின்றது. காரணம் எளிது. தொழில் என்றால் அடுப்பு, மாவு, வாசனை, தெருமுனைக் கடை என்று பல நினைவுகள் கூடவே எழுகின்றன. பெயர் தனியாக நிற்கிறது, பற்றிக்கொள்ள ஏதுமில்லை.

இதனால் இரண்டு வேலை செய்யலாம். பெயரை நிதானமாக, தனி வாக்கியமாகச் சொல்லுங்கள். நம் பெயர் நமக்குப் பழகிப்போனதால் அதைத்தான் மிக வேகமாக விழுங்குகிறோம். அடுத்த வாக்கியத்திலேயே பெயரை ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். “செல்வி. டெஸ்டிங் டீமில் பேமென்ட் பகுதியை நான் பார்க்கிறேன்” என்றால், பெயர் மறந்தாலும் “அந்தப் பேமென்ட் பார்க்கிற பெண்” மறக்காது. பெயரைப் பிறகு கேட்டுக்கொள்வார்கள்.

நமக்கென்றே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு, இனிஷியல். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். ஆனால் பன்னாட்டு நிறுவனங்களின் படிவங்கள் கடைசிப் பெயர் என்று ஒன்றைக் கேட்டே தீரும். அங்கே அப்பா பெயரைப் போட்டுவிட்டு, பிறகு மெயிலில் “டியர் சுப்பிரமணியன்” என்று அப்பாவுக்கு வரும் கடிதங்களுக்கு மகள் பதில் எழுதிக்கொண்டிருப்பாள். இதை முதல் அறிமுகத்திலேயே தீர்த்துவிடலாம்: “திரையில் நீளமாகத் தெரியும், என்னைச் செல்வி என்றே கூப்பிடுங்கள்.” ஞானசம்பந்தனோ திருநாவுக்கரசோ வெளிநாட்டுக்காரரிடம் பேசும்போது, பெயரை இரண்டாகப் பிரித்து ஒருமுறை சொல்லிக்காட்டுவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. எதிராளி தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமலே இருந்துவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

“எல்லாரும் ஒவ்வொருத்தரா இன்ட்ரோ குடுங்க”

ட்ரெய்னிங்கின் முதல் நாள், அல்லது புது ப்ராஜெக்டின் முதல் மீட்டிங். வட்டமாக உட்காரவைத்து இந்த வரியைச் சொல்வார்கள். உங்களுக்கு முன்னால் ஐந்து பேர். முதல் ஆள் பேசுவது காதில் விழுகிறது. நான்காவது ஆள் பேசும்போது நீங்கள் உள்ளுக்குள் உங்கள் வரிகளை ஒத்திகை பார்க்கிறீர்கள். ஐந்தாவது ஆள் வாயசைத்தது மட்டும் ஞாபகம். நீங்கள் பேசி முடித்து, “அப்பாடா” என்று சாய்ந்த பிறகு அடுத்தவர் பேசியதும் பாதிதான் ஏறும்.

இதற்கு அடுத்த-முறை விளைவு என்று சொல்லலாம்: தன் முறை நெருங்கும்போது, சற்று முன்னால் சொல்லப்பட்டவை மனதில் பதியாமல் போவது. மால்கம் பிரென்னர் 1973-ல் இதைச் சோதித்துக் காட்டினார். வரிசையாகச் சொற்களை உரக்கப் படித்தவர்கள், தங்களுக்குச் சற்று முன்னால் படிக்கப்பட்டவற்றை மோசமாக நினைவுகூர்ந்தார்கள். செயல் நினைவு சிறியது என்று பார்த்தோம் அல்லவா, அதில் நம் ஒத்திகை உட்கார்ந்திருக்கும்போது பிறர் பேச்சுக்கு இடமில்லை.

இதில் ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது, யாரும் அதைச் சொல்வதில்லை. உங்களுக்கு அடுத்தபடி பேசப்போகிறவர் நீங்கள் சொல்வதைக் கேட்கவே இல்லை. உங்களுக்கு முன் பேசியவர் தன் பேச்சில் எங்கே பிசகியது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அந்த அறையில் உங்கள் சின்னத் தடுமாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆளே குறைவு.

நடைமுறைக்கு வருவோம். உள்ளே நுழைவதற்கு முன்பே இரண்டு வாக்கியத்தை முடிவுசெய்துவிடுங்கள், அந்த இரண்டு போதும். அறைக்குள் ஒத்திகை வேண்டாம். அப்போதுதான் முன்னால் பேசுபவரைக் காதால் கேட்க முடியும். அவர் சொன்னதைத் தொட்டு, “இவர் டேட்டாபேஸ் என்றாரே, அதற்கு மேலே வருகிற ரிப்போர்ட் நான் செய்வது” என்று தொடங்கினால் அறை முழுக்க நிமிரும். வேறு எந்த உடல்மொழிப் பயிற்சியும் இந்த ஒரு வாக்கியம் தருகிற அமைதியைத் தராது என்பது என் எண்ணம்.

ஆன்லைன் மீட்டிங்கில் வட்டம் கிடையாது, வரிசை தெரியாது. “நான் முடித்துவிட்டேன், அடுத்து செல்வி” என்று பெயர் சொல்லிக் கைமாற்றிவிட்டால் அந்த அசட்டு மௌனங்கள் இருக்காது. மியூட்டை முதலில் எடுத்துவிடுங்கள்.

நாக்கு ஏன் வறள்கிறது

இனி பேசுபவர் பக்கம். பிறர் நம்மை எடைபோடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் உடம்பு அதை ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, உமிழ்நீர் குறைகிறது, மூச்சு மேலோட்டமாகிறது. ஓடவோ எதிர்க்கவோ தயாராகும் ஏற்பாடு இது. நாம் செய்யப்போவதோ நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிடம் பேசுவது.

இது கோழைத்தனத்தின் அடையாளம் என்று நினைப்பதுதான் முதல் தவறான புரிதல். பல வருடம் மேடையேறியவருக்கும் இந்தத் துடிப்பு வரலாம். அவர் அதற்கு வேறு அர்த்தம் கொடுக்கப் பழகியிருக்கிறார். ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட சோதனைகளில், பேசுவதற்கும் பாடுவதற்கும் முன்னால் சிலரை “அமைதியாக இருக்கிறேன்” என்றும், சிலரை “உற்சாகமாக இருக்கிறேன்” என்றும் வாய்விட்டுச் சொல்லவைத்தார். உற்சாகம் என்று சொன்னவர்கள் மேலாகச் செய்தார்கள். துடிக்கிற இதயத்தை அமைதியாக்குவது கடினம். அதே துடிப்புக்கு உற்சாகம் என்று பெயர் மாற்றுவது சுலபம், ஏனென்றால் பதற்றம், உற்சாகம் இரண்டிலும் உடம்பு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது.

இரண்டாவது தவறான புரிதல்: “நான் நடுங்குவது எல்லாருக்கும் தெரிகிறது.” நாம் நினைக்கிற அளவுக்குத் தெரிவதில்லை. நம் உள்மனநிலை வெளியே அப்படியே தெரிகிறது என்று மிகைப்படுத்தி நினைப்பதை வெளிப்படை மாயை என்பார்கள். தாமஸ் கிலோவிச்சும் கென்னத் சவிட்ஸ்கியும் இதை ஆராய்ந்தவர்கள். 2003-ல் அவர்கள் செய்த சோதனையில், பேசப்போகிறவர்களிடம் இந்த மாயையைப் பற்றி முன்கூட்டியே விளக்கினார்கள். விளக்கம் கேட்டவர்கள், கேட்காதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். ஒரு தகவலே மருந்தாக வேலை செய்த அபூர்வமான இடம் இது. நீங்களும் இப்போது அதைக் கேட்டுவிட்டீர்கள்.

உடம்புக்கான சின்ன உதவி: கூப்பிடும் முன் ஒரு மிடறு தண்ணீர், மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவது. மூச்சு நீளமாக வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும், குரலும் கீழே இறங்கி நிற்கும்.

சுருக்கமாக: துடிப்பு எல்லோருக்கும் வரக்கூடியது, வெளியே தெரிவது நாம் நினைப்பதைவிடக் குறைவு, அதை அடக்குவதைவிட உற்சாகமாக எடுத்துக்கொள்வது எளிது.

93 சதவீதக் கதை

“நீங்கள் பேசும் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55.” சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்புக்குப் போன எவரும் இந்த ஸ்லைடைப் பார்த்திருப்பார். எண்கள் உண்மையில் ஓர் ஆராய்ச்சியில் வந்தவைதான். கலிஃபோர்னியாவில் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் தன் சகாக்களோடு செய்தவை. ஆனால் அங்கே யாரும் சொற்பொழிவாற்றவில்லை, இன்டர்வியூ கொடுக்கவில்லை. ஒற்றைச் சொற்களை விதவிதமான குரலில் ஒலிக்கவிட்டு, ஒரு சோதனையில் முகப் படங்களையும் சேர்த்துக் காட்டி, சொல்பவருக்கு எதிராளியைப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று கேட்டார்கள். சொல்லும் முகமும் முரண்படும்போது விருப்பு வெறுப்பை எதிலிருந்து ஊகிக்கிறோம் என்பதே கேள்வி. அதைத் தாண்டி எல்லாப் பேச்சுக்கும் இதைப் பொருத்தக் கூடாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். ஸ்லைடு கேட்கவில்லை.

சும்மா யோசித்தாலே புரியும். சொல்லுக்கு 7 சதவீதம்தான் என்றால், தெரியாத மொழியில் வரும் செய்தியைக் குரலைக் கேட்டு, முகத்தைப் பார்த்தே 93 சதவீதம் புரிந்துகொள்ளலாமே!

இதன் தம்பி, இடுப்பில் கை வைத்து இரண்டு நிமிடம் நிமிர்ந்து நின்றால் ஹார்மோன்களே மாறும் என்ற பவர் போஸ் கதை. 2010-ல் 42 பேரிடம் செய்த ஒரு சோதனையிலிருந்து கிளம்பிய கதை அது. 2015-ல் 200 பேரிடம் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் தென்படவில்லை. அப்படிப்பட்ட போஸில் இருந்தவர்கள் தங்களுக்குச் சக்தி கூடியதாக உணர்ந்தது மட்டும் மிஞ்சியது. முதல் ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவரான டேனா கார்னி 2016-ல், அந்த விளைவுகள் உண்மை என்று தான் இனி நம்பவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். நிமிர்ந்து உட்காருவதில் தவறொன்றுமில்லை, முதுகுக்கு நல்லது. சொல்ல விஷயம் இல்லாதவரை நிமிர்ந்த முதுகு காப்பாற்றாது.

“நானே என்னைப் பற்றிச் சொல்வதா?”

நம் ஊர் வளர்ப்பில் இது பெரிய தடை. தன்னைத்தானே புகழ்வது கூடாது என்று சின்ன வயதிலிருந்தே ஊட்டப்பட்டிருக்கிறோம். அதனால் செய்ததைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிடுகிறது. “ஏதோ சின்னதா ஒரு ப்ராஜெக்ட் சார்.”

இந்தக் கூச்சத்துக்குப் பழைய இலக்கணமே விதி வகுத்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் முதலில், எவ்வளவு பெரிய நூல்களைச் செய்து முடித்தவரானாலும் “தான்தற் புகழ்தல் தகுதி அன்றே” என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் நாம் மாட்டியிருப்போம். அடுத்த சூத்திரத்திலேயே நான்கு விலக்குகள் தருகிறார். அரசனின் அவைக்கு ஓலை எழுதி அனுப்பும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே இருக்கும்போது, அவையில் வென்றாக வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இந்த நான்கு இடத்தில் தன்னைப் புகழ்வதும் புலவனுக்குத் தகும்.

“தன்னுடை ஆற்றல் உணரார் இடையினும்” என்ற அந்த இரண்டாவது விலக்கைப் பாருங்கள். இன்டர்வியூ அறை, புது டீம், முதல்முறை சந்திக்கும் வாடிக்கையாளர், எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. முதல் விலக்கு வேலைக்கு அப்ளை செய்வது போலவே இருக்கிறது. இவரைவிடத் தெளிவாக எந்த ட்ரெய்னரும் சொல்லி நான் கேட்டதில்லை. அறியாதவரிடம் சொல்வது தகவல். அறிந்தவரிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் தம்பட்டம்.

தம்பட்டத்துக்கும் தகவலுக்கும் உள்ள வேறுபாடு வாக்கியத்திலேயே தெரியும். “நான் கடின உழைப்பாளி, டீம் ப்ளேயர், வேகமாகக் கற்றுக்கொள்பவன்” என்பவை தீர்ப்புகள். தீர்ப்பு சொல்ல வேண்டியது எதிரே இருப்பவர். நாம் கொடுக்க வேண்டியது நடந்த விஷயம்.

அதே விவரம், வேறு இடத்தில்

தர்மபுரி மாணவருக்கே திரும்புவோம். எலக்ட்ரிக்கல் இறுதியாண்டு. கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு இன்டர்வியூ என்று வைத்துக்கொள்வோம். “மை ஃபாதர் ஈஸ் எ ஃபார்மர்” என்ற வரியை வெட்டிவிடச் சொல்வார்கள் சிலர். நான் சொல்ல மாட்டேன். அந்த வரி தவறான இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்:

“எலக்ட்ரிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன் சார். எங்கள் கிணற்று மோட்டார் சிங்கிள் ஃபேஸிங்கில் இரண்டு தடவை சுருள் எரிந்துபோனது. அப்பா விவசாயி, ஒவ்வொரு தடவையும் ரீவைண்டிங் முடிகிறவரை தண்ணீர் இல்லை. அதனால் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டாக, ஒரு ஃபேஸ் போனாலோ வைண்டிங் சூடு அளவைத் தாண்டினாலோ சப்ளையை ரிலே வழியாகத் துண்டிக்கிற ஒரு சின்ன போர்டு செய்தேன். உங்கள் கம்பெனியில் மோட்டார் ப்ரொட்டெக்‌ஷன் பக்கம் வேலை செய்ய விருப்பம்.”

மூன்று கட்டமும் மின்சாரம் வர வேண்டிய மோட்டாருக்கு ஒரு கட்டம் மட்டும் போய்விடுவதுதான் சிங்கிள் ஃபேஸிங். மீதி இரண்டு கட்டம் பாரத்தை இழுத்து, சுருள் சூடேறி எரியும். அதற்குள் சப்ளையைத் தானாகத் துண்டிக்கிற சுவிட்ச்தான் ரிலே. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இது தினசரித் தலைவலி. அவர் கை ரெஸ்யூமேயை விட்டுவிடும். “சென்சார் எங்கே வைத்தாய்? ஏற்கனவே கடையில் சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர் கிடைக்கிறதே, உன்னுடையதில் என்ன புதுசு?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு மாணவரிடம் பதில் இருக்கிறது, ஏனென்றால் போர்டில் சால்டரிங் செய்தது அவர் கைதான். இன்டர்வியூ அவருக்குத் தெரிந்த தெருவுக்குள் வந்துவிட்டது. வெளியே நிற்பவர் கண்ணாடி வழியே பார்த்தால், “பையன் செம கான்ஃபிடன்ட்” என்பார்.

அந்த அறிமுகத்தில் நடந்தது என்ன? முதல் வாக்கியம் எந்த இடத்தில் வைப்பது என்று சொன்னது. அடுத்து நடந்த ஒரு விஷயம். கடைசி வாக்கியம் எதிரே இருப்பவரோடு சம்பந்தம் காட்டியது. நான்கு நாற்காலிக்குள் அடங்கியது. “ஹார்ட் வொர்க்” என்ற சொல் எங்கும் வரவில்லை, ஆனால் கேட்டவர் அதைத் தானே முடிவுசெய்துகொள்வார்.

ஏற்கனவே வேலையில் இருப்பவருக்கும் இதே வழிதான், இன்னும் சுருக்கமாக. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், உடை வாங்கும் நிறுவனத்தின் ஆட்களை முதல்முறை சந்திக்கிறார். “எட்டு வருட அனுபவம், பல பிராண்டுகளைக் கையாண்டிருக்கிறேன்” என்பதைவிட, “உங்கள் குழந்தைகள் உடை ஆர்டரை சாம்பிளிலிருந்து ஷிப்மென்ட் வரை நான் பார்க்கிறேன். லேப் டிப் அப்ரூவல் தாமதமானால் நீங்கள் கூப்பிட வேண்டியது என்னைத்தான்” என்பது வேலைக்கு ஆகும். துணிக்குச் சாயம் போடுமுன் நிறம் சரிதானா என்று பார்க்க அனுப்பும் சின்னத் துண்டுதான் லேப் டிப். அது ஒப்புதல் ஆகாவிட்டால் அடுத்த வேலை நகராது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். தன் பெயரை அந்தக் கவலையோடு கட்டிவிட்டார். அனுபவத்தைப் பற்றி அவர்களே கேட்பார்கள்.

ஆங்கிலம் என்ற மலை

தமிழ்வழியில் படித்துவிட்டு வருபவர்களுக்கு அறிமுகம் என்றாலே ஆங்கிலப் பயம்தான். அதனால் முழுதையும் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். சிக்கல் இங்கேதான். வரிவரியாகப் பாடம் செய்தது ஒரு சொல் விட்டுப்போனால் அடுத்த சொல்லுக்கு வழியில்லாமல் நின்றுவிடும். செயல் நினைவு முழுவதும் அந்த வரிகளைப் பிடித்துக்கொள்வதில் போவதால், எதிரே இருப்பவர் முகம் சுளித்ததோ தலையாட்டியதோ நமக்குத் தெரியாது.

முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் சொல்லுக்குச் சொல் பாடம் செய்யுங்கள். நடுவில் உள்ளவற்றை மூன்று குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: மோட்டார் எரிந்தது, போர்டு செய்தேன், என்ன கிடைத்தது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்களில் உரக்கச் சொல்லிப் பழகுங்கள், மனதுக்குள் வேண்டாம். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். “ஐ மேட் எ போர்டு. இட் கட்ஸ் த பவர் வென் ஒன் ஃபேஸ் ஃபெயில்ஸ்.” இதில் அலங்காரம் இல்லை, ஆனால் சந்தேகமும் இல்லை. “மைசெல்ஃப்” என்று தொடங்குவதைவிட “ஐ ஆம்” என்பது சரி, அதை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்காக இரவெல்லாம் உட்கார்ந்து உச்சரிப்பை மாற்ற வேண்டாம், ஒட்டுப்போட்ட அக்சென்ட் நம் காதுக்கே ஒட்டாது. எங்கேயாவது ஆங்கிலச் சொல் வராவிட்டால், தமிழ் தெரிந்தவர் எதிரே இருந்தால், “இதைத் தமிழில் சொல்லட்டுமா சார்?” என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். முழிப்பதைவிட அது நல்லது.

எங்கே நிறுத்துவது

நன்றாகத் தொடங்கியவர்களும் முடிக்கத் தெரியாமல் கெடுத்துக்கொள்கிறார்கள். விஷயம் முடிந்திருக்கும், எதிரே இருப்பவர் உடனே எதுவும் சொல்லவில்லை என்றதும் பதற்றத்தில் ஹாபியை இழுத்துவிடுவார்கள். அல்லது “தட்ஸ் ஆல் அபௌட் மீ, தேங்க் யூ ஃபார் கிவிங் மீ திஸ் ஆப்பர்ச்சூனிட்டி” என்று பள்ளி ஆண்டுவிழா பாணியில் முடிப்பார்கள்.

கடைசி வாக்கியம் கேட்பவர் கேள்வி கேட்கக்கூடிய இடத்தில் நிற்க வேண்டும். “மோட்டார் ப்ரொட்டெக்‌ஷன் பக்கம் வேலை செய்ய விருப்பம்” என்றதும் வாயை மூடிக்கொள்ளலாம். அதற்குப் பின் வரும் இரண்டு மூன்று நொடி அமைதி உங்களுக்கு நீளமாகத் தெரியும். எதிரே இருப்பவர் அந்நேரம் ரிலே பற்றி என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார், அல்லது பேனாவைத் தேடிக்கொண்டிருப்பார். தேடட்டும்.